எறியுமுன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்



சென்ற கிழமை எங்கள் ரோட்டில் ஒரு வீட்டு வாசலில், குப்பையோடு குப்பையாக ஒரு டேபிள் ஃபேன் கிடந்தது. பார்க்கப் புதுசு மாதிரி. கேட்டதற்கு, "உறுமுது சேர், சுத்துதில்ல. வேற வாங்கிட்டம்" என்றார்கள்.

கேட்டு வாங்கி வந்தேன். பிளக் குத்தாமல் இறக்கையைக் கையால் சுழற்றினேன், இலேசாகச் சுற்றியது. பிறகு கரண்ட் கொடுத்து, கம்பிக் கூட்டுக்கு வெளியே இருந்து ஒரு பென்சிலால் தட்டிவிட்டேன். ஓடத் தொடங்கியது! பழுது கெப்பாசிட்டரில்தான். மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்க முதல் உந்துதலுக்கு வழி செய்வது அதுதான். பழையதில் எழுதியிருந்த அதே மைக்ரோபரட், அதே வோல்ட்டளவில் ஒன்று வாங்கி மாற்றினேன். ஃபேனை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

கையால் சுழற்றும்போதே இறுக்கமாக இருந்தால் கதை வேறு. களப்பும் உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊர் நம்முடையது. உப்புக் காற்றில் தண்டு துருப்பிடிக்கும், தூசியும் முடியும் சுற்றிக்கொள்ளும். துடைத்துவிட்டு தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாலே பல ஃபேன்கள் ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக அது பசையாகிவிடும்.

இதை ஏன் எழுதுகிறேன்? சாதாரண தரப் பிள்ளைகள் 'கொள்ளளவி' பற்றி எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். அதே சாமான் வீட்டு ஃபேனுக்குள் இருப்பது பலருக்குத் தெரியாது. குற்றம் பிள்ளைகளிடம் இல்லை. கரும்பலகையோடு நிறுத்திவிடும் எங்களிடமும், "தொடாதே, ஷொக் அடிக்கும்" என்று விரட்டும் பெற்றோரிடமும்தான்.

பயம் நியாயமானது. 230 வோல்ட் விளையாட்டல்ல. அதனால்தான் முறையாகப் பழக்க வேண்டும் என்கிறேன். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். சீலிங் ஃபேன் என்றால் மெயின் சுவிட்ச். ஈரக் கை கூடாது. கெப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூ டிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்ட பிறகே கைவைக்க வேண்டும். பிள்ளை செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கருகிய வாசனை வந்தால் மூடி வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவருடைய பிழைப்பையும் நாம் மதிக்க வேண்டும்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ஒரு புது ஃபேன் வாங்குவது எத்தனை வீட்டுக்குச் சுமையாக இருந்தது என்பதை மறந்துவிட்டோமா?

தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்கிறோம். வீட்டு மூலையில் கிடக்கும் ஃபேனும் அதில் சேர்த்திதான்.

வரும் லீவு நாளில் மகனையும் மகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பழைய ஃபேனைக் கழற்றுங்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்!