நாடா போதவில்லையா?



விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மன் இரண்டு பேர்: விருத்தாம்பிகை, பாலாம்பிகை. பசியோடு வந்த குரு நமசிவாயர், அம்மையைக் கிழவியாகப் பாடிச் சோறு கேட்டாராம். "கிழவி எப்படியப்பா சோறு சுமந்து வருவாள்?" என்று அவள் கேட்க, மாற்றிப் பாடினாராம், குமரியாகச் சோற்றோடு வந்துவிட்டாள். ஒரே பாட்டில் வயதைக் குறைத்துக்கொள்ளும் வசதி நமக்கெல்லாம் இல்லை.

இந்த ஊர் செராமிக் கூடங்களில் அகல் விளக்குக்குப் பிசிறு சுரண்டுவதிலும் பொம்மைக்கு வர்ணம் பூசுவதிலும் பெண்கள் நிறைய. உட்கார்ந்த இடத்து வேலை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் எங்கும் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறார்கள்: "எடை மெஷின்ல அதே அறுபதுதான்க்கா காட்டுது. பாவாடை நாடாதான் எட்ட மாட்டேங்குது."

இரண்டுமே உண்மை. வயதுக்கு வந்த நாள்முதல் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கொழுப்பைப் பெரும்பாலும் தொடையிலும் பின்புறத்திலும் சேர்க்கிறது. பிள்ளைப்பேற்றுக்கும் பாலூட்டலுக்குமான சேமிப்பு அது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அந்த ஹார்மோன் குறையக் குறைய, கொழுப்பு வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. கூடவே தசையும் கரைவதால் எடை முள் அசையாமலே நிற்கலாம்.

தொடைக் கொழுப்பு பரம சாது. வயிற்றுக்குள் இருப்பதுதான் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வழிவிடுவது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே என்பதே முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் எடை மெஷினையே முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் முதல்முறையாக டேப் வைத்து அளந்தார்கள். இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு, இடுப்பளவோடு ஒப்பிட்டால் வயிற்றுச் சுற்றளவு அதிகம். அளந்ததோ 15 முதல் 49 வயது வரை மட்டும்! நாடா போதாத வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

"நல்லா தின்னு வயிறு போட்டுட்டா" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சாப்பாட்டுக்கும் பங்கு உண்டுதான். பழி முழுவதும் அதன் தலையில் அல்ல. நடை நல்லது. தசை கரையாமலிருக்க, நாற்காலியில் கைபடாமல் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சியும் வேண்டும்.

வயிற்றுச் சுற்றளவைப் பார்க்கத் தையல் டேப் ஒன்று போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டதும் அளக்க வேண்டும். சேலை கட்டும் இடத்தில் அல்ல. நம் பெண்களுக்கு எல்லை 80 சென்டிமீட்டர். தாண்டியிருந்தால், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வாசலுக்கு வரும்போது சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். அளக்கும்போது மட்டும் வயிற்றை எக்காதீர்கள், போட்டோவா எடுக்கிறோம்?