வடிவத்தைப் பூட்டிவைக்க இவர்களுக்கு என்ன உரிமை?

கோவை கணபதியிலோ, ஓசூரிலோ, அம்பத்தூரிலோ உள்ள டை ஷாப் எதற்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஸ்டீல் பிளாக் வந்து இறங்கியிருக்கும். மெஷினும் காலியாக இருக்கும். வேலை மட்டும் தொடங்கியிருக்காது. வாடிக்கையாளர் அனுப்பிய ஃபைலில் கிழிந்து கிடக்கும் சர்ஃபேஸ்களை டிசைனர் ஒவ்வொன்றாக இழுத்துத் தைத்துக்கொண்டிருப்பார். அனுப்பியவரின் திரையில் அந்த மாடல் முழுசாகத்தான் இருந்தது. கணினியில் வடிவமைக்கும் ஒரு கேட் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வந்த வழியில் உடைந்தது. உடைத்தவர் யாரோ, சரிசெய்பவர் இவர். பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த வேலைக்கு ஒரு ரூபாய் கிடையாது. டெலிவரி தள்ளிப்போனால் பிடித்தம் மட்டும் தவறாமல் உண்டு.

தொழில்நுட்பத்தின் குறை என்று சொல்லிச் சொல்லியே இதற்கு நம்மைப் பழக்கிவிட்டார்கள். குறை கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி வணிக முடிவு. அந்த முடிவை எடுத்த கேட் மென்பொருள் நிறுவனங்களையும், அதன் சுமையைச் சிறு பட்டறைகளின் தலையில் இறக்கிவைத்துவிட்டுக் கைகழுவும் பெரிய ஆலைகளையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் கோபத்தின் நியாயம் புரியும். ஒரு பம்பின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துக்கொள்வோம். சுவரின் தடிப்பு 2 மில்லிமீட்டர், டிராஃப்ட் 1 டிகிரி. மூலையில் மூன்று ஃபில்லட்டுகள் வந்து கூடுகின்றன. ஸ்டெப் என்ற பொதுவடிவ ஃபைலாக மாறி மறுபக்கம் வந்து சேரும்போது அந்த மூலையில் முடி போன்ற ஒரு சின்ன சர்ஃபேஸ் காணாமல் போயிருக்கும், அல்லது இரண்டு விளிம்புகளுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்திருக்கும். அவ்வளவுதான். மென்பொருள் அதைச் சாலிட் என்று ஏற்றுக்கொள்ளாது. வெறும் சர்ஃபேஸ்களின் தொகுப்பாகவே காட்டும். சாலிட் இல்லையென்றால் கன அளவு கிடைக்காது. கோர், கேவிட்டி என்று பிரிக்க முடியாது. பிரச்சினையைக் கவனிக்காமல் டூல்பாத் போட்டால் கட்டர் அந்த ஓட்டைக்குள் இறங்கி ஸ்டீலைத் தின்றுவிடும். எனவே மூலையிலுள்ள சர்ஃபேஸ்களை வெட்டி எடுத்து, அக்கம்பக்கத்தை நீட்டி, ட்ரிம் செய்து, புதிதாக ஒரு ஒட்டுப் போட்டு, ஸ்டிட்ச் செய்ய வேண்டும். ஒட்டு வழவழப்பாகச் சேராவிட்டால் பளபளப்பான பிளாஸ்டிக்கின் மேல் கோடு தெரியும். வாடிக்கையாளர் சாம்பிளை ரிஜெக்ட் செய்வார்.

இத்தனையும் முடித்து நிமிரும் நேரத்தில் மெயில் வரும்: தடிப்பு 2.5, டிராஃப்ட் 2 டிகிரி, ரிவிஷன் பி. வரைந்தவரின் மென்பொருளில் இது இரண்டு எண்களை மாற்றும் வேலை. ஃபீச்சர் ட்ரீயில் எண்ணைத் திருத்தினால் சுவர், ஃபில்லட், ரிப் எல்லாம் தாமாக இடம் மாறிக்கொள்ளும். பட்டறைக்கு வந்த ஃபைலில் அந்த ட்ரீ இல்லை. எந்த வரிசையில், எந்த அளவுகளால், என்ன நோக்கத்தோடு அந்த வடிவம் உண்டாக்கப்பட்டது என்ற வரலாறு முழுதும் ஏற்றுமதியின்போதே உதிர்ந்துவிட்டது. இனி ஃபில்லட்டுகளை முதலில் அழித்து, சுவரை நகர்த்தி, சாய்வு கொடுத்து, ஃபில்லட்டுகளை மறுபடி போட வேண்டும். டைரக்ட் எடிட்டிங் வந்த பிறகு, அதாவது ஸ்பேஸ்கிளெய்மும் சீமென்ஸின் சிங்க்ரனஸ் டெக்னாலஜியும் 2007, 2008 வாக்கில் வந்த பிறகு, முகத்தைப் பிடித்து இழுத்து நகர்த்துவது எளிதாயிற்று. பட்டறைகளுக்கு அது பெரிய உதவி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒருவர் ஏற்கெனவே செய்து முடித்த வேலையை இன்னொருவர் மறுபடி செய்வதுதான் அது.

நிறுவனங்கள் கணிதத்தைக் காரணம் காட்டும். காட்டட்டும். இரண்டு வளைந்த பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோட்டைத் துல்லியமாக எழுதுவது கடினம் என்பது உண்மை. கேட் மாடல்களில் அன்றாடம் வரும் பைக்யூபிக் பரப்புகள் இரண்டு வெட்டினாலே அந்தக் கோட்டின் படி 324 வரை போகும். எந்த மென்பொருளும் அதைத் தோராயமாகவே வரைகிறது; இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் போதும் என்று தனக்கென ஒரு டாலரன்ஸ் வைத்துக்கொள்கிறது. கேடியாவின் வழக்கமான அளவு 0.001 மில்லிமீட்டர். பாராசாலிட் என்ற ஜியாமெட்ரி கெர்னலில் 0.00001 மில்லிமீட்டர். நூறு மடங்கு வித்தியாசம். அங்கே சேர்ந்திருந்த விளிம்பு இங்கே பிரிந்து தெரிவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆனால் கணிதம் அந்த இடைவெளியோடு நின்றுவிடுகிறது. மீதிக்கு அது பொறுப்பில்லை. சீமென்ஸின் என்எக்ஸ், சாலிட் எட்ஜ், டசோவின் சாலிட்வொர்க்ஸ் ஆகிய மூன்றும் உள்ளே அதே பாராசாலிட் கெர்னலில்தான் ஓடுகின்றன. சீமென்ஸ் தன் போட்டி நிறுவனத்துக்கே கெர்னலை உரிமம் கொடுத்து விற்கிறது. இவற்றுக்கிடையே ஜியாமெட்ரி மொழிபெயர்ப்பே இல்லாமல் சேதாரமின்றிப் போகும். அங்கேயும் ஃபீச்சர் ட்ரீ மட்டும் போகாது. கணக்கு ஒன்று, கெர்னல் ஒன்று, டாலரன்ஸ் ஒன்று. பிறகு எது தடுக்கிறது? ஒவ்வொரு மென்பொருளும் ஃபில்லட்டைத் தன் வழியில் கணக்கிடுகிறது, பெயர்த்து எழுதுவது கடினம் என்பார்கள். கடினம்தான். அதற்காகத்தான் தரம் வகுத்துக் கொடுத்தார்கள். அளவுகளையும் கட்டுப்பாடுகளையும் கட்டுமான வரலாற்றையும் பரிமாறுவதற்கான, ஸ்டெப் தரமான ஐஎஸ்ஓ 10303-ன் 55, 108 ஆகிய பகுதிகள் 2005-லேயே வெளிவந்துவிட்டன. இன்றுவரை பட்டறையில் இருக்கும் எந்த மென்பொருளின் ஏற்றுமதிப் பட்டியலிலும் அவற்றைப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் சுலபமாக வெளியேறும் கதவைத் திறந்து வைக்க யாருக்கும் மனமில்லை.

இந்தத் துறைக்கு நேரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. போயிங், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திய முறைகளை வைத்து, அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய அலுவலகம் ஐஜெஸ் என்ற பொது வடிவத்தை வெளியிட்டது 1980 ஜனவரியில். ஸ்டெப் எனப்படும் ஐஎஸ்ஓ 10303 வந்தது 1994-ல். வடிவத்தோடு டாலரன்ஸ் குறிப்புகளையும் கணினி படிக்கும்படி ஏந்திச் செல்லும் அதன் ஏபி242 பிரிவு வந்தது 2014-ல். அப்படியும் 1996-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத ஐஜெஸ் வடிவில் ஃபைலை இன்றைக்கும் பட்டறைக்கு அனுப்பிவைக்கும் ஆலைகள் உண்டு.

இதனால் எவ்வளவு நஷ்டம் என்பது 1999-லேயே கணக்கிடப்பட்ட விஷயம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காகச் செய்த ஆய்வு, அந்நாட்டு மோட்டார் வாகனத் துறையின் சப்ளை வரிசை மட்டுமே ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலரை இதில் இழக்கிறது என்று கண்டது. அந்த இழப்பில் பெரும்பகுதி, பெறுபவரால் பயன்படுத்த முடியாத ஃபைல்களைச் சரிசெய்வதிலும் மறுபடி வரைவதிலும் போனது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஹாம்பர்க் பொறியாளர்கள் கேடியாவின் 4-ஆம் பதிப்பிலும், துலூஸ் பொறியாளர்கள் 5-ஆம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். வேறு வேறு நிறுவனங்கள்கூட இல்லை. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பி சுமார் 530 கிலோமீட்டர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த பாகங்களில் கம்பிக் கட்டுகள் துலூஸில் உரிய இடத்தில் பொருந்தவில்லை. கையால் பிரித்து மறுபடி இழுக்க வேண்டியதாயிற்று. 2006-ல் அறிவிப்புக்கு மேல் அறிவிப்பாகத் தாமதம் நீண்டது. தலைமை அதிகாரிகள் பதவி இழந்தார்கள். 2010 வரைக்குமான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று தாய் நிறுவனமே சொன்னது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபரில். இரண்டு ஊர்களும் ஒரே பதிப்புக்கு மாறும்படி கட்டாயப்படுத்தாத ஏர்பஸ் நிர்வாகத்தின் பழி இதில் பெரிது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அடியைத் தாங்க ஏர்பஸ்ஸுக்குத் தெம்பு இருந்தது. ஐந்து மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்கு அந்தத் தெம்பு எங்கே?

பதிப்புப் பூட்டு தனி அநியாயம். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. வாடிக்கையாளர் புதுப்பித்தால் வெண்டரும் பணம் கட்டிப் புதுப்பித்தாக வேண்டும். ஒரு ஃபைலைப் பழைய பதிப்புக்காகச் சேமிக்கும் வசதியைச் சாலிட்வொர்க்ஸ் தன் 2024 பதிப்பில்தான் கொடுத்தது, அதுவும் இரண்டு பதிப்புகள் பின்னோக்கி மட்டும். 1990-களிலிருந்து விற்கும் மென்பொருள் இது. ஆட்டோடெஸ்க்கின் டிடபிள்யூஜி வரைபட ஃபைலைப் பிறர் படிக்க எழுத வழிசெய்யவே 1998-ல் ஒரு கூட்டமைப்பு உருவாக வேண்டியிருந்தது. அந்தக் கூட்டமைப்பின் மேல் ஆட்டோடெஸ்க் 2006-ல் வழக்குப் போட்டது. வரைபடம் வரைந்தவருடையது. அதை வைத்திருக்கும் பெட்டியைச் செய்தவருக்கு அதன் மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது.

பெரிய ஆலைகளிடம் வருவோம். இவர்கள் நினைத்தால் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. விமானம் பல பத்தாண்டுகள் பறக்கும். அதுவரை மாடலைப் படிக்க முடிய வேண்டும் என்று விமானத் துறை பிடிவாதமாகக் கேட்டது. லோட்டார் தரம் பிறந்தது. மாடலின் கன அளவு, மேற்பரப்பு, ஈர்ப்பு மையம் ஆகிய எண்களை அனுப்பும் மென்பொருளே ஃபைலுக்குள் எழுதிவிடும். பெறும் மென்பொருள் தானாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தெரியும். இதற்குச் செலவு ஏதுமில்லை. பல மென்பொருள்களில் ஏற்றுமதி செய்யும்போது ஒரு டிக் போட்டால் போதும். அந்த ஒரு டிக்கைப் போடாமல்தான் நம்மூர் வெண்டர்களுக்கு ஃபைல் வந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு மாடலில் ஒரு அளவும், கூடவே வரும் பிடிஎஃப்பில் இன்னொரு அளவும் இருக்கும். கேட்டால் பிடிஎஃப்பைப் பார் என்று ஒருவர் சொல்வார், மாடலைப் பார் என்று இன்னொருவர் சொல்வார். மூல ஃபைலாகவே வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆலைகள் இதைவிட மோசம். மூன்று வாடிக்கையாளர்களுக்காக மூன்று மென்பொருள்களுக்கும் ஆண்டுச் சந்தா கட்டி எந்தச் சிறுதொழில் பிழைக்கும்?

திருத்தம் வேண்டும். ஆலைகள் தங்கள் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஏபி242-ல், சரிபார்ப்பு எண்களோடு, மாடலே இறுதி என்ற உறுதியோடு ஃபைல் தர வேண்டும். அப்படித் தராதபோது சரிசெய்யும் மணிநேரத்துக்குப் பணம் தர வேண்டும்; அந்த நாட்களை டெலிவரி தேதியில் கூட்டிக்கொடுக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் தங்கள் ஸ்டெப் ஏற்றுமதி எதைக் கொண்டுபோகிறது, எதை உதிர்க்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏற்றுமதி முடிந்ததும் உதிர்ந்தவற்றைத் திரையில் காட்ட வேண்டும்; எல்லாம் வெற்றி என்று பொய்ச் செய்தி காட்டுவதை நிறுத்த வேண்டும். சந்தா முடிந்துபோனாலும் வாடிக்கையாளர் தன் சொந்த மாடல்களைத் திறந்து, பொதுவடிவில் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். ஃபீச்சர் ட்ரீக்கான தரத்தை எப்போது ஏற்பார்கள் என்று தேதி சொல்ல வேண்டும்.

தமிழக அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. டிட்கோ மூலம் சீமென்ஸுடன் டான்சாம், டசோ சிஸ்டம்ஸுடன் டான்கேம் என்று திறன் மையங்களை அமைத்திருக்கிறார்கள். நல்லது. பொதுப்பணத்தைக் கொண்டு இந்த நிறுவனங்களோடு கைகோக்கும்போது, ஒன்றின் ஃபைல் மற்றதில் சேதமின்றித் திறக்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் ஒரு மேசையையும் அங்கே கேட்டு வாங்க வேண்டும். சிறு பட்டறைக்காரர் தனக்கு வந்த ஃபைலை அங்கே காட்டி, பழுது யாருடையது என்று எழுத்தில் பெற முடிய வேண்டும். கொடிசியா போன்ற தொழில் சங்கங்கள் ஒரு பொது நிபந்தனை வாசகத்தை எழுதி உறுப்பினர் அனைவர் கையிலும் கொடுக்கலாம். தனியாகக் கேட்கும் வெண்டரை மாற்றிவிடுவார்கள். ஐம்பது பேர் ஒரே வரியைக் கேட்டால் மாற்ற முடியாது.

பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை வரும் ஃபைலைத் தைக்க உட்காருமுன் அனுப்பியவரிடம் கன அளவையும் மேற்பரப்பையும் கேளுங்கள். உங்கள் திரையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் காரணத்தை எழுதி, தேதி போட்டு, ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள்.