பள்ளிக்கூடப் பக்கம்: குளிர்காலமும் குழந்தைகளும்



தை பிறந்துவிட்டது. குளிர்கால விடுமுறையும் பொங்கலும் கழிந்து எங்கள் ஆரம்பப் பள்ளி மறுபடியும் திறந்திருக்கிறது. காலை மணி அடிக்கும்போது பனிமூட்டத்தில் கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் அடியில் நின்று பாடும் குழந்தைகளின் குரல்தான் கேட்கிறது. குல்லாயும் மப்ளரும் மூக்குவரை மூடியிருப்பதால், எந்தக் குழந்தை எது என்று ஆசிரியைகளாகிய எங்களுக்கே சில நாட்களில் தெரிவதில்லை. வருகைப் பதிவின்போது எழும் குரலைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறோம்.

ஊரிலிருந்து புதிதாக டில்லிக்கு வந்த தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "இந்தக் குளிரில் இவ்வளவு காலையில் குழந்தையை எப்படி டீச்சர் அனுப்புவது?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல் நீளும். டில்லியிலோ அது 10 மணி 20 நிமிடந்தான். ஜனவரி நடுவில் சூரியன் உதிக்கவே ஏழேகால் மணியாகிறது. இருட்டில் எழுப்பி, இருட்டில் பல் துலக்கி, வெந்நீரில் முகம் கழுவிக் குழந்தையைப் புறப்படச் செய்வது எளிதன்று. இத்தாய்மார்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுண்டு. கனத்த கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டி அனுப்புவதைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்து அனுப்புங்கள். அவற்றின் இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். நண்பகலில் வெயில் வந்ததும் குழந்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளவும் முடியும்.

குளிர்காலம் எங்களுக்குப் பாடமும் சொல்லித் தருகிறது. சென்ற வாரம் ஒரு சிறுவன் உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வகுப்புக்கே கொண்டுவந்து, "டீச்சர், எண்ணெய் கெட்டுப்போய்விட்டது" என்றான். கெடவில்லை, வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு என்று விளக்கினேன். அவன் அதை நம்பாமல் புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கணக்கு வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தான். மணி அடிக்கும் தறுவாயில் ஓரமெல்லாம் உருகியிருந்தது. அன்று வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டதை எந்தப் புத்தகமும் அத்தனை விரைவில் கற்பித்திராது.

இவையெல்லாம் மகிழ்ச்சியான செய்திகள். மகிழ்ச்சியற்ற ஒன்றையும் இம்மாதம் எழுதியாக வேண்டும்.

டில்லியின் குளிர்காலத்தில் பனி மட்டும் இல்லை, புகையும் இருக்கிறது. கோடையில் தரை சூடேறிக் காற்று மேலே எழும்போது புகையையும் தூசியையும் தன்னோடு கொண்டுபோய்விடும். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்க, அதற்குமேல் வெப்பமான காற்று பானைக்கு மூடி போட்டாற்போல் நின்றுவிடுகிறது. வண்டிகளின் புகை, தெருத் தூசி, அறுவடைக்குப்பின் வயல்களில் எரிக்கப்படும் தாளின் புகை எல்லாம் அந்த மூடிக்குள்ளே அடைபடுகின்றன. பெரியவர்களைவிட விரைவாக மூச்சு விடுபவர்கள் குழந்தைகள். ஆகவே துன்பமும் அவர்களுக்கே அதிகம். அதனால்தான் பள்ளிகளை மூடும் உத்தரவு பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுக்கே முதலில் வருகிறது.

2023ஆம் ஆண்டு நவம்பரில் மாசின் காரணமாகக் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியையே முன்னதாக, 9ஆம் தேதி முதல் 18ஆம் தேதிவரை, விட்டார்கள். அடுத்த ஜனவரியில் கடுங்குளிரால் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 12ஆம் தேதிவரை விடுமுறை நீண்டது. 2024 நவம்பர் 18ஆம் தேதி காற்றுத்தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. 50க்குள் இருந்தால்தான் நல்ல காற்று. 500 என்பது அந்த அளவுகோலின் உச்சம். அந்த நாட்களில் வகுப்புகள் கைப்பேசி வழியாக நடந்தன.

உத்தரவில் பிழை காண்பது என் நோக்கமன்று. நச்சுக் காற்றில் குழந்தையை ஓடவிட எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆனால் அந்த நாட்களில் என் வகுப்பில் நடந்ததை மறைக்கவும் மனம் இடந்தரவில்லை.

தமிழ் படிக்கத் தொடங்கும் குழந்தை கோடையில் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் முடிக்கும். குளிர் தொடங்கும் சமயத்தில்தான் பதினெட்டும் பன்னிரண்டும் கூடி 216 உயிர்மெய் எழுத்துக்களாகப் பெருகும். முதலாம் வகுப்பின் மிகக் கடினமான பகுதி அது. அங்கே பத்து நாள் தவறினால் கொம்பும் காலும் கலைந்துபோகும். ஒற்றைக் கொம்பு எது, இரட்டைக் கொம்பு எது என்று குழந்தை திகைக்கும்.

பள்ளி திறந்த முதல் நாள் ஒரு சிறுமியைப் படிக்கச் சொன்னேன். 'கொ' என்ற எழுத்தில் நின்றுவிட்டாள். "பத்து நாளும் கைப்பேசியில் வகுப்பு நடந்ததே, ஏன் வரவில்லை?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "போன் அப்பாவோட ஆட்டோவில் போயிடும் டீச்சர். ராத்திரிதான் வரும்" என்றாள்.

அந்த வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. தகப்பனாருக்குச் சவாரி கிடைப்பதே அதனால்தான். தாயார் விடியற்காலையில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கச் செல்கிறார். பள்ளி மூடிய நாட்களில் அந்தச் சிறுமி பூட்டிய வீட்டுக்குள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளியில் கிடைக்கும் மத்தியானச் சாப்பாடும் அந்த நாட்களில் இல்லை. பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று கண்டுதான் காமராசர் 1956இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் அறிந்த நான், கேள்வி கேட்குமுன் ஒரு கணம் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

பின்னர் நடந்தது இது. அச்சிறுமியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் இருக்கிறார். நம் பத்திரிகையை மாதந்தோறும் படிப்பவர். நான் போய்ச் சொன்னதும், "மாலையில் சும்மாதானே இருக்கிறேன், அனுப்புங்கள்" என்றார். சிறுமி தம்பியோடு போனாள். சில நாளில் இன்னும் இரண்டு குழந்தைகள் சேர்ந்துகொண்டார்கள். சன்னலைச் சாத்தி, தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அதில் விரலால் எழுதவைத்தார் அம்மையார். நம் பாட்டன்மார் எழுத்தறிந்த முறைதான். கைப்பேசி இல்லை, மின்சாரம் இல்லை, செலவென்று ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் ஆளுக்கு ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்குக்காகவே முதலில் வந்தார்கள் என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அச்சிறுமி இப்போது அடுத்த வகுப்பில் இருக்கிறாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஆனால் 'கொ'வில் நிற்பதில்லை. சென்ற வாரம் கரும்பலகையில் 'கொக்கு' என்று எழுதினேன். அவள் முதலில் படித்துவிட்டு, "டீச்சர், இந்தப் பனியில் கொக்கு எங்கே இருக்கும்?" என்று கேட்டாள். ஆண்டு முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது.

நேயர்களே, வரும் குளிர்காலத்திலும் பனி வரும், புகையும் வரலாம். காற்றைத் தூய்மை செய்யும் ஆற்றல் உங்களிடமோ என்னிடமோ தனியாக இல்லை. ஆனால் பள்ளிக் கதவு அடைபடும் நாட்களில் பக்கத்துத் தெருவின் தமிழ்க் குழந்தைக்கு உங்கள் வீட்டுக் கதவு ஒரு மணி நேரம் திறந்திருக்கலாம் அன்றோ? ஒரு தாம்பாளமும் ஒரு படி அரிசியும் யார் வீட்டில் இல்லை? உங்கள் பேட்டையில் எந்த வீட்டில் கைப்பேசி காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறது என்று மட்டும் விசாரித்து வையுங்கள். அதற்கு இப்போதே நாள் இருக்கிறது.

அடுத்த இதழில் ஆண்டுத் தேர்வைப்பற்றி எழுதுகிறேன். அதுவரை குழந்தைகளுக்குக் காதை மூடிக் குல்லாய் போடுங்கள். பாடம் சொல்லும்போது மட்டும் சற்றே திறந்து வையுங்கள்.