ஒரு வினைச்சொல் செய்த வினை



ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டுமெனில், அம்மொழி அறிந்தவரை நாடிச் செல்வது நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். நாமும் பலருக்கு எழுதிக் கொடுத்துள்ளோம். அவற்றுள் ஒரு கடிதத்தை நினைக்குந்தோறும் நம் உள்ளம் நாணுகிறது.

தந்தையை இழந்த மாணவி ஒருத்திக்குக் கல்லூரிக் கட்டணச் சலுகை கோரிப் பரிந்துரை எழுதினோம். சலுகை பெற இவள் தகுதியுள்ளவள் என்பதே நாம் சொல்ல வந்தது. எழுத்தில் மிடுக்கு வேண்டுமென எண்ணி, 'ஷி ஹாஸ் அவேல்டு தி கன்செஷன்' என்று எழுதிவிட்டோம். மூன்று வாரங்களுக்குப்பின் மறுமொழி வந்தது. முன்னரே சலுகையைப் பெற்றுக்கொண்டவருக்கு மீண்டும் அளிக்க விதியில்லையாம்! அலுவலகத்தார்மீது குற்றமில்லை, நாம் எழுதியதை அவர்கள் அவ்வாறுதான் கொள்ள முடியும். கட்டணம் செலுத்தும் இறுதி நாள் நெருங்கவே, அம்மாணவியின் தாய் தம் காதணியை அடகு வைத்தார். "பரவாயில்லை சாமி" என்று அவர் சொன்ன சொல்தான் நம்மை மிகவும் சுட்டது.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். 'அவேல்' என்பது இலத்தீன் மொழியின் 'வலேரே' என்னும் வினையை வேராகக் கொண்டது. வலிமையுற்றிருத்தல், மதிப்புடையதாதல் என்பன அதன் பொருள். 'வேல்யூ', 'வேலிட்' என்பனவும் அவ்வேரின் கிளைகளே. குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு இது அன்றுதான் உறைத்தது! 'அவேல்' தனித்து நின்றால் 'பயன்படுதல், பலனளித்தல்' என்றே பொருள்படும். நீதிமானின் மன்றாட்டுக்கு உள்ள ஆற்றலைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் (5:16) கூறுமிடத்தில், பழைய ஆங்கில விவிலியங்கள் இவ்வினையையே ஆள்கின்றன. 'டு நோ அவேல்' என்றால் 'பயனின்றி' என்பதாம்.

ஒருவர் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வதைச் சொல்லும்போது, இவ்வினை இரு துணைகளோடு வருதல் வேண்டும். ஒன்று, 'மைசெல்ஃப்', 'ஹிம்செல்ஃப்', 'தெம்செல்வ்ஸ்' என எழுவாய்க்கேற்ப மாறும் சொல், மற்றொன்று 'ஆஃப்'. 'ஐ அவேல்டு மைசெல்ஃப் ஆஃப் தி ஆப்பர்ச்சூனிட்டி' என்றால், 'அவ்வாய்ப்பை நான் பயன்படுத்திக்கொண்டேன்' என்று பொருள். நம் தமிழிலும் 'பயன்படுத்தினேன்' என்பதற்கும் 'பயன்படுத்திக்கொண்டேன்' என்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ? அங்கே 'கொள்' என்னும் துணைவினை செய்யும் பணியையே இங்கே 'மைசெல்ஃப்' செய்கின்றது.

நம் நாட்டு அலுவலகங்களில் 'அவேல்டு லீவ்' என இரு துணைகளையும் நீக்கி எழுதுவோர் பலர். 'அவேல் ஆஃப்' என்னும் வழக்கு இந்தியாவில் மட்டுமன்றி அயர்லாந்திலும் உண்டு. பேச்சில் இவற்றைக் குறைகூற வேண்டியதில்லை. எனினும், அயலார் படிக்கும் முறையான கடிதத்தில் முழுத்தொடரை எழுதுவதே நன்று.

மற்றொன்றையும் மறவாதீர்கள். இத்தொடர் பயன்படுத்திக்கொள்ளும் செயலைக் குறிக்குமேயன்றித் தகுதியைக் குறிக்காது. தகுதியைச் சொல்ல 'எலிஜிபிள் ஃபார்' என்க. இனிமேல் பெற விரும்பினால் 'ஐ விஷ் டு அவேல் மைசெல்ஃப் ஆஃப்' என்க. 'அவேல்டு' என இறந்தகாலத்தில் எழுதினால், பெற்று முடித்ததாகவே கொள்வர். ஐயம் எழுந்தால் 'யூஸ்' என்னும் எளிய சொல் போதும். விடுப்புக்கு 'டேக்' போதும். எளிய சொல்லால் எவருக்கும் இழுக்கு நேர்வதில்லை.

நாம் இரண்டாம் கடிதத்தை எளிய சொற்களால் எழுதினோம். சலுகை கிடைத்தது, காதணியும் மீண்டது. அடகு வட்டியை நாமே செலுத்தினோம், பிழை நம்முடையதன்றோ?

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினால், கையொப்பமிடும் முன்னர் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் பொருள் சொல்லச் செய்யுங்கள். சொல்லத் தடுமாறும் வரியை அடித்துவிட்டு, அறிந்த சொல்லால் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறர் எழுதிக் கொடுத்தாலும் அவ்வாறே கேளுங்கள். எழுதியவர் பங்குத் தந்தையாயினும் தயங்க வேண்டாம்.