புதிய விதையும் பார்லிமெண்டின் பொறுப்பும்

ஒரு கிராமத்திற்குப் புதிய விதையோ, புதிய மருந்தோ, புதிய யந்திரமோ வந்து சேரும்போது குடியானவர் கேட்கும் கேள்விகள் மூன்று. ஏக்கருக்குக் கண்டுமுதல் என்ன? விலை என்ன? எங்கே கிடைக்கும்? இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை கூற விவசாய இலாகாவும், ஆராய்ச்சிப் பண்ணைகளும், விதை வியாபாரிகளும் இருக்கின்றனர். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அப்பொருள் ஒருவர் வயலில் மட்டுமின்றித் தேசத்து வயல்களிலெல்லாம் பரவிப் பத்து வருஷம் சென்றபின் என்ன நேரும், அதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யார் தலையில் என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பதற்குரிய இடம் பார்லிமெண்டே என்பதும், அதை உரிய காலத்தில் கேட்பதற்கு வேண்டிய நிரந்தரமான சாதனம் நமது பார்லிமெண்டுக்கு இல்லை என்பதும் எமது அபிப்பிராயம்.

சட்டமியற்றும் சபைக்கும் சாகுபடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் பருத்தியின் வரலாற்றைச் சற்றுக் கவனிப்பாராக. 2001-ஆம் வருஷம் குஜராத்தில் காய்ப்புழு பெருவாரியாகத் தோன்றிப் பருத்தியைப் பாழாக்கியது. அவ்வழிவின் நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பருத்தி சேதமின்றி நின்றது. விசாரித்தபோது, அது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவை ஏற்றிய பி.டி. பருத்தி என்றும், சர்க்காரின் அநுமதி இல்லாமலே அவ்விதை விற்கப்பட்டிருந்தது என்றும் தெரியவந்தது. பயிரைப் பிடுங்கி எரிக்கும்படி உத்தரவு பிறந்தது. அதற்குள் பஞ்சில் ஒரு பகுதி சந்தைக்குச் சென்றுவிட்டது; விதையும் பல கை மாறிவிட்டது. சில மாதங்களுக்குள், 2002 மார்ச் 26-ஆம் தேதி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைச் சேர்ந்த அநுமதிக் குழு வேறொரு கம்பெனியாரின் மூன்று பி.டி. வீரிய ஒட்டு ரகங்களைப் பயிரிட இசைவளித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் அதில் அடங்கும். இன்று இந்தியாவின் பருத்திப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பி.டி. பருத்தியே. இவ்வளவு பெரிய மாறுதல் ஓர் இலாகாவின் கீழுள்ள குழுவின் தீர்மானத்தால் நடந்தேறியது.

அக்குழுவினர் அறிவில் குறைந்தவரல்லர். அநுமதியோடு அவர்கள் விதித்த நிபந்தனையே அவர்களது முன்யோசனைக்குச் சாட்சி. பி.டி. பருத்தியைச் சுற்றிலும் குறைந்தது ஐந்து வரிசையாவது, அல்லது பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது, சாதாரணப் பருத்தியை நடவேண்டும் என்றனர். அவ்வரிசைகளில் நஞ்சு படாமல் வளரும் புழு, நஞ்சைத் தாங்கப் பழகிய புழுவோடு கூடுமாயின், அத்தாங்கும் சக்தி சந்ததியில் பரவாமல் தணியும் என்பது இதன் தத்துவம். இதற்கெனவே ஏக்கருக்குரிய 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வைத்துக் கொடுக்கப்பட்டது.

அந்தச் சிறு பொட்டலம் என்னவாயிற்று என்பதைப் பருத்தி வட்டாரத்தார் நன்கறிவர். பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர் உடையவர், கடன் பட்டு விதை வாங்கியவர், புழு தின்பதற்கென்று ஐந்து வரிசை விடுவாரா? அமெரிக்காவில் ஆயிரம் ஏக்கர் உடையவருக்குப் பொருந்திய நிபந்தனை இங்கே ஏட்டோடு நின்றது. 2009-10-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தின் நஞ்சைத் தாங்கப் பழகிவிட்டது உறுதியாயிற்று. இரண்டு மரபணுக்கள் ஏற்றப்பெற்று 2006-இல் வெளிவந்த ரகமும் 2014-15-க்குள் அப்புழுவிடம் தோற்கத் தொடங்கியது. புழுவுக்குத் தாங்கும் சக்தி வரக்கூடும் என்பதை விஞ்ஞானிகள் முன்னரே அறிந்திருந்தனர். சிறு குடியானவர் இந்நிபந்தனையை நடத்துவாரா, நடத்தாவிடில் யார் பொறுப்பு, நஷ்டம் நேர்ந்தால் ஈடு யார் தருவது என்பவற்றையே எவரும் முன்கூட்டித் தீர விசாரிக்கவில்லை. இவை ஆய்வுக்கூடத்தில் தீரும் வினாக்களல்ல. பல தரப்பட்ட ஜனங்களின் பிரதிநிதிகள் கூடிய சபையில் எழவேண்டியவை.

அடுத்து வந்தது கத்தரி. பி.டி. கத்தரியில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கும் பங்குண்டு. கோ 2, பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் பழக்கமான கே.கே.எம். 1, எம்.டி.யு. 1 முதலிய நமது ரகங்களில் அம்மரபணு ஏற்றப்பெற்றது. 2009 அக்டோபரில் அநுமதிக் குழு அதற்கு இசைந்தது. ஆயினும் அப்போதைய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் ஜனங்களின் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அதை நிறுத்திவைத்தார். அவ்வேழில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றும் இல்லை. எமது கருத்தில் மந்திரி செய்தது துணிவான காரியம். ஆனால் ஒரு மந்திரியின் மனப்போக்கைப் பொறுத்து நடப்பது முறையாகாது. அடுத்த மந்திரி வேறுவிதமாக நினைப்பார்.

முறையான விசாரணை பிறகு வந்தது. பாசுதேவ் ஆச்சாரியா தலைமையிலான பார்லிமெண்டின் விவசாய நிலைக்குழு, இலாகா அதிகாரிகளையும் விஞ்ஞானிகளையும் குடியானவர்களையும் விசாரித்து, விதர்ப்பப் பிரதேசத்துக் கிராமங்களுக்கும் நேரில் சென்று, 2012 ஆகஸ்டு 9-இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. பல கட்சியினர் அடங்கிய அக்குழு ஒருமனதாக எழுதிய அறிக்கை அது. திறந்த வயல்வெளிச் சோதனைகளை நிறுத்தவேண்டும், கத்தரிக்கு அநுமதி அளிக்கப்பட்ட விதத்தை ஆதியோடந்தமாக விசாரிக்கவேண்டும் என்பன அதன் சிபாரிசுகளில் சில. அதன் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. சோதனையையே நிறுத்திவிட்டால் உண்மை எவ்வாறு வெளிப்படும் என்ற ஐயம் எமக்குண்டு. ஆனால் அது எழுப்பிய வினாக்கள் சரியானவை. காலந்தான் தவறியது. பருத்தி வயலுக்கு வந்து பத்து வருஷம் ஆனபின் அவ்வினாக்கள் எழுந்தன. சிபாரிசுகளும் சர்க்காரைக் கட்டுப்படுத்துவன அல்ல; 2014-இல் வயல்வெளிச் சோதனைகளுக்கு மறுபடியும் அநுமதி கிடைத்தது.

சபை அங்கத்தினர்கள் விஞ்ஞானம் அறிந்தவரல்லரே, அவர்கள் இதில் என்ன கண்டுவிடுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் கூறப்படுகிறது. மாட்டுச் சந்தைக்குப் போகிறவரெல்லாம் மாட்டு வைத்தியர் அல்லர். ஆனால் விவரமறிந்த ஒருவரைத் தம்முடன் அழைத்துச் சென்று பல்லைப் பார்க்கச் சொல்லாமல் பணத்தை அவிழ்ப்பவர் இல்லை. விற்பவரின் தரகரையே நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்று நாம் சொல்லவேண்டுவதில்லை. இன்று பார்லிமெண்டுக்குப் பெரும்பாலும் விவரம் தருவோர் அநுமதி கோரும் கம்பெனியாரும், அதை அளிக்கும் இலாகாவும், அதை எதிர்க்கும் சங்கத்தாருமே. சபைக்கென்று சொந்தமாக ஒருவர் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டசபையாகிய காங்கிரஸ், 1972-இல் ஒரு சட்டத்தின்மூலம் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றை இவ்வாறே ஏற்படுத்திக்கொண்டது. அதன் மேற்பார்வைக் குழுவில் ஆறு செனட்டர்களும் ஆறு பிரதிநிதிகளும், இரு கட்சிக்கும் சம பங்காக அமர்ந்தனர். இன்னது செய்க என்று அது சபைக்குக் கட்டளையிடுவதில்லை. இவ்வழியில் சென்றால் இன்ன பலன், அவ்வழியில் சென்றால் இன்ன பலன் என்று எடுத்துக்காட்டுவதோடு நிற்கும். இருபத்து மூன்று வருஷங்களில் சுமார் 750 அறிக்கைகளை அது வெளியிட்டது.

அவற்றுள் 1986-இல் வந்த ஒன்று விவசாயத்தைப் பற்றியது. உயிரியல் தொழில்நுட்பமும் கணிப்பொறியும் பண்ணைகளுக்கு வந்தால், 1982-இல் 22 லட்சமாக இருந்த பண்ணைகள் 2000-க்குள் 12 லட்சமாகக் குறையும் என்றும், மிகப் பெரிய 50,000 பண்ணைகளே முக்கால் பங்கு விளைச்சலைத் தரும் என்றும் அது கணித்தது. கணக்குப் பலிக்கவில்லை. 2002-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் பண்ணைகள் சுமார் 21 லட்சம் இருந்தன. விளைபொருள் மதிப்பில் முக்கால் பங்கு சுமார் 1,44,000 பண்ணைகளிலிருந்து வந்தது. ஆனால் போக்கைப் பாருங்கள். பதினைந்தில் ஒரு பங்குப் பண்ணைகள் முக்கால் பங்கு மதிப்பை அடைந்தன. 2007-இல் அத்தொகை 1,25,000 ஆகச் சுருங்கியது. புதிய சாதனங்களின் பலன் முதலில் பெரியவர்களுக்கே சேரும், சிறியவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற எச்சரிக்கை பொய்க்கவில்லை. முன்னோக்கு என்பது ஜோசியம் அன்று. எந்தக் கரை உடையக்கூடும் என்று வெள்ளத்திற்கு முன் ஏரியைச் சுற்றிப் பார்ப்பது போன்றது.

அவ்வலுவலகத்துக்கு வருஷத்துக்கு ஆன செலவு சுமார் 2 கோடி டாலர். சிக்கனம் என்ற பெயரால் 1995-இல் காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்து மூடிவிட்டது. ஏற்படுத்திய சட்டம் மட்டும் ரத்தாகாமல் ஏட்டில் இருந்தது. ஆறுதலான செய்தி, ஐரோப்பாவில் பல சபைகள் அதே முறையைக் கைக்கொண்டமை. பிரான்ஸில் 1983-இலும், பிரிட்டனில் 1989-இலும், ஜெர்மனியில் 1990-இலும் இத்தகைய அலுவலகங்கள் ஏற்பட்டன. பின்லாந்து பார்லிமெண்டு 1993-இல் எதிர்காலக் குழு ஒன்றை அமைத்தது. சபையின் ஒவ்வொரு ஆயுட்காலத்திலும் சர்க்கார் எதிர்காலம் குறித்து ஓர் அறிக்கை தரவேண்டும், குழு அதற்கு விடையிறுக்கவேண்டும். டென்மார்க்கின் ஏற்பாடு நமக்கு மிகவும் ரசமானது. 1987-இல் தொழிலிலும் விவசாயத்திலும் மரபணு நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி, நிபுணரல்லாத சாதாரண ஜனங்களை ஒன்றுகூட்டி, அவர்கள் நிபுணர்களைக் கேள்வி கேட்டு முடிவுரை எழுதும்படி செய்தனர். கிராமப் பஞ்சாயத்தைக் கண்டவருக்கு இது புதுமையன்று.

இவ்வேற்பாடு தாமதத்திற்கு ஒரு சாக்காகிவிடும் என்ற அச்சமும் நியாயமே. நமது கத்தரி 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டதோடு நிற்கிறது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவில்லை. வங்காள தேசத்தார் 2014 முதல் அதைப் பயிரிடுகின்றனர். களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி அநுமதி பெறாமலே மகாராஷ்டிரத்தில் பரவி, 2019-இல் குடியானவர் சிலர் அதைப் பகிரங்கமாக விதைத்துக் கிளர்ச்சியும் செய்தனர். சபை தீர்மானிக்காததைச் சந்தை தீர்மானிக்கிறது; அங்கே ரசீதும் இல்லை, ஈடும் இல்லை. ஆகவே மதிப்பீட்டுக்குக் காலவரையறை அவசியம்.

இப்போது நெல்லின் முறை வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையால், வேற்றுயிரின் மரபணு கலவாத மரபணுத் திருத்தப் பயிர்களை 1989-ஆம் வருஷத்து விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கியது. 2025 மே மாதத்தில் அம்முறையில் உருவான இரு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் கமலா என்பது, நம் பக்கத்தில் பி.பி.டி. என்று வழங்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. நாள் குறைந்து முதிர்வதாகவும், கண்டுமுதல் கூடுவதாகவும் கூறுகின்றனர். நல்லது. ஆனால் திருத்தத்திற்குக் கருவியாகிய கிறிஸ்பர் முறையின் முக்கியக் காப்புரிமைகள் பெரும்பாலும் அயல்நாட்டார் கையில் உள்ளன. 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் குடியானவருக்கு அளித்துள்ள விதை சேமிக்கும் உரிமை இவ்விதைகளுக்கு எவ்விதத் தடையுமின்றிச் செல்லுமா? கட்டணம் கேட்கப்பட்டால் யார் கொடுப்பது? இதை இப்போதே விசாரிப்பதா, மறுபடியும் பத்து வருஷம் கழித்தா? 2024 ஜூலையில் மரபணு மாற்றிய கடுகு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவர் அநுமதியைப் பற்றி மாறுபட்ட தீர்ப்பளித்தபோதிலும், சம்பந்தப்பட்ட யாவரையும் கலந்து தேசியக் கொள்கை ஒன்று வகுக்கவேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அக்கலந்தாலோசனை பார்லிமெண்டின் வழியாக நடப்பதே தகுதி.

அதற்குச் சொந்தமாக விஞ்ஞானிகளும் பொருளாதார நிபுணர்களும் கொண்ட சிறு அலுவலகம் ஒன்று போதும். இரு சபைகளுக்கும் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாக அது இருக்கவேண்டும். அநுமதிக்கு முன்பே அறிக்கை தரவேண்டும். அவ்வறிக்கை மாநில மொழிகளிலும் வெளிவரவேண்டும். நிலைக்குழுக்கள் கருத்துக் கேட்டு விளம்பரம் செய்யும்போது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதும்படி கேட்கின்றன. தமிழில் வரும் மனுவையும் பெற்று மொழிபெயர்த்துக்கொள்ளும் கடமை சபையினுடையதாகவேண்டும்.

அதுவரை நமது வாசகர்கள் சும்மா இருக்கவேண்டுவதில்லை. அத்தகைய விளம்பரம் வந்தால், ஊரார் கூடி மனு எழுதி, தெரிந்தவரைக்கொண்டு மொழிபெயர்த்து அனுப்பலாம். விதை வாங்கிய ரசீதையும் பொட்டலத்தையும் அறுவடை வரையில் பத்திரப்படுத்துவது நலம். கிராம அதிகாரிகள் பயிர்ச்சேதக் கணக்கு எழுதும்போது, பயிரின் பெயரோடு விதையின் ரகம், கம்பெனியின் பெயர், பொட்டலத்தின் எண், நட்ட தேதி, புழு முதலில் தென்பட்ட நாள் ஆகியவற்றையும் குறிப்பாகச் சேர்த்து எழுதிவைப்பாராக. பார்லிமெண்டுக் குழு ஒருநாள் நம் வட்டாரத்துக்கு வந்து கேட்கும்போது, வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தக் கணக்கே அதிகம் பேசும்.