பிள்ளையின் கையில் தூண்டிலைக் கொடுக்கும் முன்னர்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெரகல, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைப் பக்கம் ஆண் பிள்ளை வைத்திருக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் தோட்டத்துக் குளத்துப் பக்கமாக நடந்து போனோம். குளக்கட்டில் ஏழெட்டுப் பையன்கள். எல்லோரும் நம்ம பிள்ளைகள்தான். லயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், சந்திப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவன் கையில் புத்தம் புதிய தூண்டில் தடி. 12 அடி நீளம். கடற்கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசுவதற்கென்று செய்த தடி அது. உம்மாவின் சீட்டுக் காசில் வாங்கியதாம்.

தங்கூஸின் நுனியில் முக்கொக்கி. இரை எதுவும் இல்லை. ஆழமில்லாத ஓரத்தில் போட்டு வெடுக்கென்று இழுக்கிறான். மீன் கடிக்க வேண்டியதில்லை, உடம்பில் எங்கே கொழுவினாலும் சரி. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு திலாப்பியா வயிற்றில் கொழுவி, அந்தரத்தில் பறந்து வந்து கல்லில் அடிபட்டு விழுந்தது. விழுந்ததும் அதன் வாயிலிருந்து சின்னச் சின்னதாக ஏதோ கொட்டியது.

"சேர், மீன் சத்தி எடுக்குது" என்றான் ஒரு சின்னவன்.

சத்தி இல்லை. குஞ்சுகள். நம்ம குளங்களில் உள்ள திலாப்பியாவில் தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். பொரித்த பிறகும் கொஞ்ச நாள், ஆபத்து வந்தால் குஞ்சுகள் ஓடிவந்து தாயின் வாய்க்குள்தான் புகுந்துகொள்ளும். அந்த நாட்களில் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. அதனால் இரை வைத்த தூண்டிலில் அது அகப்படுவது அபூர்வம். முக்கொக்கிக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியாது.

மீன் கல்லில் கிடந்து துடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த வீச்சுக்குப் போய்விட்டார்கள். "தம்பி, அதை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டோம். தடிக்காரப் பிள்ளை சொன்ன பதில் இரண்டு நாளாக எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

"சேர், மீனுக்கு அறுப்பு இல்லத்தானே? எப்பிடிச் செத்தாலும் ஹலால்தானே?"

சட்டம் சரி. மீனுக்கு அறுப்பு இல்லைதான். ஆனால் அறுக்கிற பிராணியைக்கூட வதைக்காமல் இருக்க முதலில் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம். மீனுக்கு அறுப்பை விலக்கியது நமக்கான இலகு. வதைப்பதற்கான அனுமதி என்று அதை எடுத்துக்கொள்ள முடியுமா? இதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்கள் அல்ல, வெறும் ஆசிரியர்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் குற்றம் இல்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். தடி வாங்கிக் கொடுத்த நாம், மீனைப் பிடித்த பிறகு என்ன செய்வது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் கருத்து இதுதான்: தடியைத் தெரிவு செய்வதும் மீனைக் கையாளுவதும் இரண்டு விடயம் அல்ல, ஒரே விடயம். பிழையான தடி பிள்ளையின் கையில் இருந்தால் மீன் கைக்கு வரும் முன்பே பாதி வதைபட்டுவிடும்.

ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1880களில் வெள்ளைக்காரர்கள் நுவரெலியாப் பக்கத்து ஆறுகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1896-இல் அதற்கென்று சிலோன் பிஷிங் கிளப் என்று ஒரு சங்கமும் உண்டானது. நமக்கு மேலே உள்ள ஹோட்டன் சமவெளி ஓடையிலும் அந்த மீன் சேர்ந்தது. திலாப்பியா வந்தது 1952-இல். பிறப்பிடம் ஆபிரிக்கா. சில ஊர்களில் ஜப்பான் மீன் என்று சொன்னாலும் அதற்கும் ஜப்பானுக்கும் சம்பந்தம் இல்லை. அது வந்தது சாதாரண மக்களின் சாப்பாட்டுக்காக. 2022 நெருக்கடியில் டின் மீன் விலை ஏறிய நாட்களில் நம்மில் எத்தனை வீட்டில் குளத்து மீன்தான் கறி என்பது உங்களுக்கே தெரியும். துரைமாரின் மீனுக்குச் சங்கம் இருந்தது, தனித் தடி இருந்தது, பழக்கிக் கொடுக்க ஆள் இருந்தது. நமக்குச் சோறு தந்த மீனுக்கு அந்த மரியாதையில் ஒரு பங்காவது வேண்டாமா?

சரி, எந்தத் தடி?

முதல் வருடத்துக்கு மூங்கில் தடி போதும். நம்ம வாப்பாமார், ஐயாமார் எல்லோரும் அதில்தான் பழகினார்கள். பிள்ளையின் உயரத்தைவிட இரண்டு மடங்கு நீளம், நுனி வளைய வேண்டும், அடி கைக்கு அடங்க வேண்டும். தங்கூஸும் ஏறத்தாழ தடியின் நீளமே. ஒரு தக்கை, ஒரு சின்ன முள், ஒரு மண்புழு. இதில் மீன் கடிப்பதைப் பார்க்கவும் காத்திருக்கவும் பிள்ளை பழகிக்கொள்வான்.

ரீல் தடிதான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் மூன்று விடயம் சொல்லுங்கள். எந்தத் தண்ணீர், எந்த மீன், யாருடைய கை. தோட்டத்துக் குளமும் ஓடையும் என்றால் 6 அடி அல்லது ஆறரை அடி போதும். தடியின் அடியில் லைட், மீடியம், ஹெவி என்று எழுதியிருக்கும். லைட்டுக்கும் மீடியத்துக்கும் இடைப்பட்டதை எடுங்கள். 6 முதல் 8 இறாத்தல் தாங்கும் தங்கூஸ் போதும். ஹெவி தடியில் கால் கிலோ மீன் வந்தால் தடி வளையவே வளையாது. இழுவை முழுவதையும் மீனின் வாய்தான் தாங்க வேண்டும். வாய் கிழியும், இல்லாவிட்டால் நாங்கள் பார்த்தது போல மீன் கல்லில் வந்து விழும்.

மறுபக்கமும் உண்டு. வெல்லவாயப் பக்கத்துக் குளங்களில் பெரிய விராலுக்குப் போகிறவர்கள் பலமான தடியும் பலமான தங்கூஸும்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே மெல்லியதைக் கொண்டுபோனால் மீனை நெடுநேரம் இழுத்துக் களைக்க வைப்பீர்கள். அல்லது தங்கூஸ் அறுந்து, வாயில் முள்ளோடு மீன் போய்விடும்.

ரீலில் டிராக் என்று ஒரு திருகு இருக்கும். பெரிய மீன் இழுக்கும்போது தங்கூஸ் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போக விடுவது அதுதான். 8 இறாத்தல் தங்கூஸ் என்றால், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அதன் நுனியில் கட்டி, ரீலைக் கையில் பிடித்து நேராகத் தூக்கிப் பாருங்கள். தங்கூஸ் மெல்ல வழுக்கிப் போக வேண்டும். போத்தல் அப்படியே தூக்குப்பட்டால் இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள்.

முக்கொக்கி வேண்டாம். ஒற்றை முள் போதும். அந்த முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்து மட்டுமல்ல, பிள்ளையின் விரலில் ஏறினாலும் இலேசாகக் கழன்று வரும்.

இனி மீன் கைக்கு வந்த பிறகு.

தூண்டிலைப் போடும் முன்பே முடிவெடுக்க வேண்டும்: இன்று பிடிப்பது கறிக்கா, விடுவதற்கா? கரையில் மீன் துடிக்கும்போது யோசிப்பதற்கு நேரம் இல்லை.

விடுவதென்றால் முதலில் கையை நனையுங்கள். மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு அழுக்கு அல்ல, நோய்க்கிருமி ஏறாமல் காக்கும் போர்வை அது. காய்ந்த கையும் துணியும் அதை உரித்துவிடும். மணலிலும் கல்லிலும் போடாதீர்கள். செவுளுக்குள் விரலை விடாதீர்கள். தலைகீழாகவோ வாயில் தூக்கியோ பிடிக்காமல் இரண்டு கையாலும் கிடையாகத் தாங்குங்கள். போட்டோ எடுக்க வேண்டுமானால் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது மீனுக்கும் முட்டும். விடும்போது எறியக் கூடாது. தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்திப் போக விட வேண்டும். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்க வேண்டாம், அந்த மீனைக் கறிக்கு எடுத்துக்கொள்வதே மேல்.

கறிக்கென்றால் தாமதம் வேண்டாம். கண்ணுக்குச் சற்று மேலே தலையில் கட்டையால் பலமாக ஒரே அடி. பிறகு செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு ஈரத் துணியிலோ, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியிலோ வையுங்கள். மீன் வதைபடாது, கறியும் நன்றாக இருக்கும். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன், கரையில் நெடுநேரம் உயிரோடு கிடக்கும். அது அதற்கு நல்லது என்று நினைக்காதீர்கள். அதன் வேதனைதான் நீளுகிறது.

ஒரு வேண்டுகோள். தண்ணீரின் மேல்மட்டத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அதற்கு மேல் தூண்டில் வீசாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்கத்தான் தூண்டிலில் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. அடுத்த வருடம் நமக்கும் மீன் இல்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது. திலாப்பியாவின் முதுகு முள்ளைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக அமர்த்திப் பிடிக்கப் பழக்குங்கள். சிங்களத்தில் ஹுங்கா என்று சொல்லும் மீனின் பக்கவாட்டு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் கையை வைத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. கார்பன் தடியில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே தூக்கவே கூடாது. இடி முழங்கினால் அந்த நிமிடமே தடியைக் கீழே வைத்துவிட்டு கரையை விட்டு ஏறிவிட வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளையைத் தனியே அனுப்ப வேண்டாம். அறுந்த தங்கூஸைக் கரையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாட்டின் காலிலும் நீர்க்காகத்தின் கழுத்திலும் அதுதான் சுற்றுகிறது.

நஞ்சு, வெடி போட்டுப் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் சட்டத்தில் அது குற்றம்.

"மீனுக்கு இவ்வளவு பேச்சா, நாட்டில் மனிதனுக்கே இரக்கம் இல்லை" என்று சிலர் எழுதக்கூடும். நாங்கள் தினமும் பிள்ளைகளோடு இருக்கிறவர்கள். கரையில் துடிக்கும் உயிரைப் பார்த்துவிட்டு அடுத்த வீச்சுக்குத் திரும்பப் பழகிய கண், நாளைக்கு வகுப்பில் அடிபட்டு அழும் பிள்ளையைப் பார்த்தும் அப்படியே திரும்பும். எங்கள் பயம் அதுதான்.

அந்தப் பிள்ளை திங்கட்கிழமை இடைவேளையில் எங்களிடம் வந்தான். "சேர், அப்ப அந்தத் தடிய நான் என்ன செய்ற?" என்று கேட்டான். அம்பாந்தோட்டைப் பக்கம் கடலுக்குப் போகும் யாருக்காவது விற்றுவிட்டு, உம்மாவின் சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். யாருக்காவது தேவை என்றால் எங்களுக்கு அறிவியுங்கள்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அதே குளக்கட்டில் நாங்கள் இருப்போம், இன்ஷா அல்லாஹ். மூங்கில் தடிகள் வெட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அனுப்புவதோடு நிற்காமல் வாப்பாமாரும் அப்பாமாரும் அண்ணன், நானாமாரும் கூடவே வாருங்கள். சின்ன வயதில் மீன் பிடித்தவர்கள் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் கருத்தில் பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள்.

வஸ்ஸலாம்.