சக்கரத்துக்குக் கீழே

கோயில் நிர்வாகக் கூட்டமோ, சங்கத்தின் ஆண்டுக் கூட்டமோ, தலைவரைப் பாராட்ட எழுந்து நிற்பவர் வாயில் "சுக்கானைப் பிடித்து நம்மை வழிநடத்தும்" என்ற தொடர் வராமல் போகாது. தலைவர்கள் பிடிப்பது சுக்கானை அல்ல, சக்கரத்தை. சுக்கான் என்பது படகின் பின்பக்கம் தண்ணீருக்கடியில் நிற்கும் பலகை. அரபு மாலுமிகள் வழியாக நம் துறைமுகங்களில் வந்திறங்கிய சொல் அது. கையிலிருக்கும் சக்கரத்துக்கும் தண்ணீருக்குள் இருக்கும் அந்தப் பலகைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

போர்ட் கிள்ளான் பக்கம் போனவர்கள் ஆற்றில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அரச சிலாங்கூர் படகு மன்றம் 1969-இல் தொடங்கியது. 1990 முதல் நடந்து வரும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி இங்கிருந்துதான் புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போய்ச் சேரும். நம் தாத்தாக்களில் பலர் மூட்டை தூக்கிய துறைமுகம் இது. பேரப்பிள்ளைகள் அங்கே படகு வாங்கப் போகிறார்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கிறார். நண்பர்கள் இருவரோடு பணம் போட்டு, 1980களில் கட்டிய 34 அடிப் படகொன்றை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாகச் சக்கரத்துக்குப் புதுத் தோலுறை தைத்துப் போட்டுவிட்டார். "எப்படி இருக்குண்ணே?" அழகாகத்தான் இருந்தது. பிடித்துத் திருப்பினேன். நான்கு விரற்கடை திரும்பும்வரை கீழே ஒன்றும் அசையவில்லை. "கொஞ்சம் லூஸ்தான், ஓடும்" என்றார்.

ஓடும்தான். மாற்று நீரோட்டத்தில் நிற்குமா என்பதே கேள்வி. பெரிய நீரேற்ற நாட்களில் போர்ட் கிள்ளானில் கடல் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அவ்வளவு தண்ணீரும் ஆற்றுவாய் வழியாகவும் தீவுகளின் நடுவிலும்தான் பாய்ந்தாக வேண்டும். அதே பாதையில் வெஸ்ட்போர்ட்ஸுக்கும் நார்த்போர்ட்டுக்கும் போகிற கொள்கலன் கப்பல்கள். அந்த அளவுள்ள கப்பல் உங்களுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. அங்கே சக்கரம் கையோடு சும்மா சுழன்றால் தோலுறையின் அழகு உதவாது.

பழைய படகு என்பதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். அந்த ஆண்டுதான் படகு சேவைக்கு வந்திருந்தது. தென்கடலின் பேரலைகளை எல்லாம் தாண்டி, வீடு திரும்பும் கடைசிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில் ஸ்டீயரிங் கோளாறால் மொரீஷியசின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. சரிசெய்துகொண்டு மே 21 அன்று கோவா சேர்ந்தார்கள். அதே தாரிணியில்தான் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் வரை இரண்டே பெண்கள் உலகைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் தில்னா, இன்னொருவர் புதுச்சேரிப் பெண் ரூபா. புதுப் படகுக்கே அந்தக் கதி என்றால் நாற்பது வயதுப் படகைத் திறந்து பார்க்காமல் விடலாமா?

திறப்பது பெரிய வித்தையல்ல. சக்கரம் நிற்கும் தூணின் தலையில் திசைகாட்டி இருக்கும், அதைக் கழற்றி வையுங்கள். உள்ளே ஒரு பல்சக்கரம், அதன்மேல் சைக்கிள் சங்கிலியின் அண்ணன் மாதிரி ஒரு சங்கிலி. சங்கிலியின் இரு முனையிலும் இரண்டு எவர்சில்வர் கம்பிவடங்கள் தூணுக்குள் இறங்கி, கப்பிகளில் திரும்பி, சுக்கான் தண்டில் பூட்டிய குவாட்ரன்ட் என்ற விசிறி வடிவத் துண்டில் போய் முடியும். கிணற்றுக் கப்பியும் கயிறும்தான், வேறில்லை.

முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். சில படகுகளில் இரண்டு வடங்களும் உள்ளே குறுக்காகப் போகும், சிலவற்றில் நேராக. மாற்றிப் பூட்டினால் வலப்பக்கம் திருப்ப இடப்பக்கம் போகும். சிரிக்காதீர்கள், கரையில் கட்டியிருக்கும்போதே இதைச் சோதித்தாக வேண்டும்.

வடம்தான் பெரும்பாலும் முதலில் போகும். 7×19 என்று கேட்டு வாங்கும் வடத்தில் ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை, ஆக 133 மெல்லிய கம்பிகள். கப்பியில் வளைந்து வளைந்து ஒவ்வொன்றாக அறும். கண்ணுக்குத் தெரியாது. டிஷ்யூ தாளை நாலைந்து மடிப்பாக எண்ணெயில் நனைத்து, அதை வைத்து வடத்தை உருவுங்கள். தாள் எங்காவது சிக்கிக் கிழிந்தால் அந்த வடத்தை மாற்ற வேண்டியதுதான். வெறுங்கையால் உருவினால் உள்ளங்கை கிழியும். தம்பியின் படகில் கீழ்க் கப்பிக்கு நேரே தாள் சிக்கியது. கப்பியோரம் கறுப்புத் தூள். வடமும் கப்பியும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதைச் சரிசெய்யாமல் புது வடம் போட்டால் அதுவும் அப்படியே தேயும். வடத்தை உருவி எடுக்குமுன் அதன் முனையில் நூற்கயிறு கட்டிவிடுங்கள். புதியதை உள்ளே இழுக்க அந்தக் கயிறு வேண்டும்.

மற்றவை சட்டென்று முடியும். சங்கிலிக்கு எஞ்சின் ஆயில் போதும், கிரீஸ் பூசினால் உப்பும் தூசும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத் தூணில் எவர்சில்வர் போல்ட் இருந்தால் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரண்டு உலோகமும் உப்புநீரில் சண்டையிட்டதன் அடையாளம் அது. அவசரப்பட்டு ஸ்பேனரை அழுத்தினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். சுக்கான் தண்டின் நைலான் புஷ் பல வருடம் தண்ணீர் குடித்து உப்பி இறுகியிருக்கலாம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கும்போது அசிட்டால் பிளாஸ்டிக்கில் கேளுங்கள், அது அவ்வளவு நீர் இழுக்காது. நாற்பது வருடப் படகில் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் இருக்கக்கூடும். மில்லிமீட்டர் நட் இரண்டு சுற்று ஏறி மூன்றாவதில் கடித்துக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது பலரும் வடத்தை வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். சக்கரம் கனத்துப்போகும், கப்பியும் தேயும். சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு, கீழே குவாட்ரன்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடத்தோடு நிறுத்துங்கள். திசைகாட்டியை மாட்டியபின் அது பழையபடி காட்டுகிறதா என்றும் பாருங்கள், பக்கத்தில் புதிய இரும்பு ஏதும் வந்திருந்தால் முள் பொய் சொல்லும்.

கடைசியாக, மேல்தளத்தில் சுக்கான் தண்டுக்கு நேராக ஒரு வட்ட மூடி இருக்கும். வடம் அறுந்தால் அதைத் திறந்து, தண்டின் தலையில் அவசர டில்லர் என்ற நெம்புகோலைச் செருகி ஓட்ட வேண்டும். தம்பியின் படகில் அந்த மூடி இறுகிப்போயிருந்தது. திறக்க முக்கால் மணி நேரமும் ஒரு சுத்தியலும் தேவைப்பட்டன. டில்லர் முன்னறையில் பாய்ப் பைகளுக்கு அடியில் கிடந்தது. இப்போது மூடிக்கு கிரீஸ் போட்டாயிற்று, டில்லர் சக்கரத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, நீரோட்டம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, சக்கரத்தைத் தொடாமல் ஆற்றில் ஒரு சுற்று வரச் சொல்லியிருக்கிறேன்.